பயமில்லாத மனசு என்றொரு பாடம்

நான் இயல்பிலேயே பயந்தவள். காஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்யாணமாகி ஆரம்பாக்கத்துக்கு வந்த புதிதில், வயலுக்கு மருந்தடிக்கப் போன கணவர் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் வரப்பு வரைக்கும் ஓடுவேன். இப்படிப்பட்ட ஒருத்திக்கு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை கிடைத்தது.

தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. சேர்ந்ததற்கும் இந்தப் பயம்தான் காரணம். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மனதில் பயமில்லாமல் வாழ முடியும் என்று யாரோ எப்போதோ யோசித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அது மருந்துக்கடை மாதிரித் தோன்றியது. இதை எப்படி வீட்டில் சொல்வது? சும்மா ஆசைதான் என்று சொல்லிவைத்தேன்.

பழைய கிரேக்கர்களைப் பற்றிய பாடத்தை ரயிலில் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒருவர், நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்தவர். இன்பம்தான் வாழ்வின் குறிக்கோள் என்றாராம். தின்று குடித்துக் கூத்தடிக்கிறவர் என்று ஊர் அவரை ஏசியது. அவரோ ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். உடம்பில் வலி இல்லை, மனதில் பயம் இல்லை, அதுதான் இன்பம்; சாவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், அது வரும்போது நாம் இருக்கப்போவதில்லை என்பது அவர் கட்சி. தூண்கள் வரிசையாக நின்ற ஒரு மண்டபத்தில் கூடிப் பேசிய இன்னொரு கூட்டமோ, நம் கையில் இல்லாததற்குக் கலங்காதே, நல்லவளாக இரு, மகிழ்ச்சிக்கு அது போதும் என்றது.

படித்ததையெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது என் தோழியிடம் ஒப்பிப்பேன். அவளும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். பழவேற்காட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். எனக்கு நேர் எதிர், எதற்கும் அஞ்சாதவள்.

“வலி இல்லாம, பயம் இல்லாம இருந்தா அதான் இன்பமா? அப்ப இந்த எறா வறுவல் இன்னாவாம்?” என்றாள் ஒருநாள்.

“அது இல்லன்னாலும் சந்தோஷமா இருக்கலாங்கறாரு.”

“அப்ப உன் பங்க இங்க தள்ளு.”

நான் தள்ளவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வருஷம் மழை முடிந்த கையோடு அது நடந்தது. காலை நேரம். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து வரத் தோழி வெளியே போயிருந்தாள். நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்கில் ஊசி ஏறுவது போல ஒரு நெடி. அடுத்த வளாகம் மீன் பதப்படுத்தும் கம்பெனி. அங்கே குளிரூட்ட அமோனியா வைத்திருந்தார்கள். என்ன வாடை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே சங்கு ஊதியது.

“ஜன்னல சாத்துங்க! ஃபேன நிறுத்துங்க!” என்று எங்கள் மேலாளர் கத்தினார். அறையில் அவரையும் சேர்த்து நாலைந்து பேர் இருந்தோம். துண்டு, கோட்டு, என் துப்பட்டா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நனைத்துக் கதவிடுக்கில் திணித்தோம். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டோம். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. மார்கழிப் பனி மாதிரிதான் இருந்தது. வேலியோரச் செடிகள் அதற்குள் மறைந்தன.

தோழி வெளியில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. தோட்டத்துக்காரரும் மண்டபத்துக்காரர்களும் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. வீட்டில் அரைத்த மாவை ஃப்ரிட்ஜில் வைத்தேனா இல்லையா என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டல்கூட இல்லை, உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

“தொறக்காதம்மா! தொறந்தா எல்லாரும் போயிடுவோம்!” என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. அவரும் என்னைப் போலவே பயந்திருந்தார்.

நான் யோசித்துத் திறந்தேன் என்று சொன்னால் பொய். பயத்திலேயேதான் திறந்தேன். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்கிற பயம் மற்றப் பயங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். துணிகளை இழுத்தெறிந்து தாழ்ப்பாளை நீக்கியதும் அவள் என்மேல் விழுந்தாள். கூடவே அந்தக் காற்றும் வந்தது. மேலாளரே பாய்ந்து கதவைச் சாத்தினார். அவளைக் குடுவை கழுவும் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன். “எரியுதுடி, எரியுதுடி” என்று திமிறினாள். என் தொண்டையும் தீயாக எரிந்தது. இருமிக்கொண்டே, தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து கதவைத் திறக்கும்வரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று யாரும் சாகவில்லை. ஆனால் அவள் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுச் சென்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். கட்டை அவிழ்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவளுடைய உம்மா பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டே இருந்தார். கம்பெனியில் விடுப்பு கொடுத்திருந்ததால் நான் தினமும் போனேன். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் ஏறுவேன். இன்றைக்கு அவிழ்ப்பார்களோ, அவிழ்த்தால் என்ன தெரியுமோ என்ற நினைப்பு வார்டு வாசல் வரைக்கும் என்னோடு வரும்.

“பொழுது போவல. உன் தோட்டத்து ஆளு வலியப் பத்தி எதுனா சொல்லிக்கீறானா?” என்று, உம்மா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. “கடுமையான வலி ரொம்ப நாள் இருக்காது, ரொம்ப நாள் இருக்கிற வலி தாங்கற மாதிரி இருக்கும்னாரு” என்றேன்.

“எனக்கு ரெண்டும் சேந்தே கீதே” என்றாள். பிறகு கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். “பயமா கீதுடி. உம்மாகிட்ட சொல்லிடாத.”

எதற்கும் அஞ்சாதவள் வாயிலிருந்து அதைக் கேட்டதும் தைரியம் சொல்ல நினைத்தேன். “எனக்கும்” என்றுதான் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அந்தத் தோட்டத்துக்காரர் நட்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தவர் என்பதை, மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு அவளுக்குச் சொன்னேன். “அது ஒண்ணு சரியா சொல்லிக்கீறான்” என்றாள்.

கட்டை அவிழ்த்த அன்று என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. வார்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே உம்மா அழும் சத்தம் கேட்டது. எந்த அழுகை என்று தெரியவில்லை. அந்தச் சில நொடிகளை இப்போது நினைத்தாலும் வியர்க்கும். அப்புறம் அவள் குரல் வந்தது: “ஏய், இன்னா இப்படி எளச்சிக்கீற உம்மா?”

இடது கண் தெளிந்துவிட்டது. வலது கண்ணில் மட்டும் புகை படிந்த மாதிரி ஒரு மறைப்பு நின்றுவிட்டது. அவள் மறுபடி கம்பெனிக்கு வரவில்லை, வாப்பாவின் கடையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். தினமும் கேட்டைத் தாண்டியதும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கம்பத்தில் கட்டிய துணிக்குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். எம்.ஏ. தேறிவிட்டேன். பயம் தேறவில்லை.

போன மாதம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு அவளே ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏரி ஓரமாகப் போகும்போது எதிரில் மீன் வண்டி ஒன்று வந்தது. அவள் துளியும் வேகத்தைக் குறைக்கவில்லை.

“மெதுவா போடி, உனக்கு ஒரு கண்ணுதான் சரியா தெரியும்!” என்று அவள் தோளை இறுக்கிப் பிடித்துக் கத்தினேன்.

“உனக்கு ரெண்டும் தெரியுமில்ல? நீ பாத்துச் சொல்லு.”

நான் கண்ணை இறுக்க மூடியிருந்தேன். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பயத்துக்கு நடுவே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.