இல்லாதவர்களுக்குக் கொடுத்த சொம்பு

திருவொற்றியூரில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. "வூட்ல இத்தினி சாமான் இன்னாத்துக்கு? இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டு சிம்பிளா இருப்போம்" என்றார் கணவர். எனக்கும் பிடித்திருந்தது. கட்டில், கிரைண்டர், அம்மா என் பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்கள் என எல்லாவற்றையும் அநாதை இல்லத்துக்கென்று அவரே கொண்டுபோனார். வெறுந்தரையில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒருநாள் மீஞ்சூரில் தோழியின் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். வெயில் தாங்காமல், வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்தப் பெண் நீட்டிய சொம்பில் என் பெயர். கொடியில், முந்தின நாள் நைட் ஷிப்டுக்கென்று என் கணவர் போட்டுப்போன சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, தண்ணி உப்பா கீதா?" என்றாள்.

எளிமை பேசிய மனிதர், என் சாமானை வைத்தே இன்னொரு குடித்தனம் நடத்தியிருக்கிறார்!

இன்றும் குறைந்த சாமான்களோடுதான் வாழ்கிறேன். எது வெளியே போக வேண்டும் என்பதை மட்டும் நானே முடிவு செய்கிறேன். முதலில் போனது அவருடைய துணிப்பெட்டி.