மஞ்சளும் மண்ணிறமும்

செபஸ்தியாம்பிள்ளைக்குக் கோபம் வந்தால் சலவை இயந்திரத்தின் மூடிதான் முதலில் அடிவாங்கும். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் அவர் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில் ஞாயிறு மாலைகளில் அந்தச் சத்தம் படீரென்று கேட்டால், "மார்ல்பி இண்டைக்கும் தோத்துப்போச்சு" என்று முதல் மாடிக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

மார்ல்பி இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டினம். எண்பத்தைந்தில் அகதியாகப் போய் இறங்கிய செபஸ்தியாம்பிள்ளை அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் மார்ல்பி டவுன் கழகத்தின் மைதானத்தில் குப்பை பொறுக்கினார். ரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம் அது. அந்த நாட்டுக் கழகங்களின் அடுக்கில் எப்போதும் ஏழாம் படியில் கிடந்தது. ஒருமுறை ஆறாம் படிக்கு ஏறியது. மேலே போன வீட்டில் கால் கழுவத் தண்ணீர் கிடைக்காதவன் மாதிரி அடுத்த வருடமே இறங்கி வந்துவிட்டது. கிண்ணம் என்று ஒன்றைத் தொட்டது கிடையாது. கடுகு மஞ்சளில் மண்ணிறக் கோடு போட்ட ஜேர்சி. அதைவிட அவலட்சணமான ஒன்றை அவர் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆனால் அதைப் போட்டு விளையாடிய தச்சனும் பால்காரனும் பள்ளிக்கூட வாத்தியாரும் அதே தெருக்களில் குடியிருந்தவர்கள். தோற்றபிறகும் அதே தெருவால்தான் தலையைக் குனிந்து நடந்து போக வேண்டும். அந்த ஊரில் அவருக்கு முதலில் ஒரு கோப்பை தேநீர் நீட்டியவர்களும் அவர்கள்தான்.

கனடாவுக்குப் புறப்பட்டபோது, கழகத்தின் ஜேர்சிகளைத் தோய்க்கிற கிழவர் பழைய ஜேர்சிகளை ஒரு பையில் அடைத்துக் கொடுத்தார். மொன்றியலில் அந்தப் பையை வைத்தே அவர் இன்னொரு கழகம் தொடங்கினார். கோப்பை கழுவுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவர்கள், படிக்க வந்த பெடியள் எல்லோரும் மார்ல்பி என்ற பெயரில் நகரத்தின் ஆகக் கடைசிப் பிரிவில் விளையாடினார்கள். பழைய ஜேர்சிகள் இத்துப்போனபோது, தையல் தொழிற்சாலையில் வேலை செய்த அவர் மனைவி அல்போன்சம்மா அதே நிறத்தில் புதிது தைத்துக் கொடுத்தாள். நெஞ்சில் 'மார்ல்பி' என்று தமிழில் நூலால் எழுதினாள்.

"ஒரு நல்ல நிறம் உங்களுக்குக் கண்ணிலை படேல்லையோ?" என்று தைக்கிறபோதெல்லாம் கேட்பாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு நாள், மகள் செலீன் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"பப்பா, செ ஃபினி. உங்கட மார்ல்பி முடிஞ்சுது."

கழகத்தை வாங்கிய புது முதலாளி மைதானத்தைப் பெரிய அங்காடிக்கு விற்றுவிட்டானாம். கழகத்தையும் கலைத்துவிட்டானாம்.

"நாசமறுவான்!" செபஸ்தியாம்பிள்ளை எழுந்து நின்று கத்தினார். "அவன்ர கொப்பன் வீட்டுக் காணியோ அது? அந்தச் சனம் நூறு வருசமா நிண்டு நனைஞ்ச இடமடா அது!"

"என்னைப் பேசாதைங்கோ, பப்பா. நான் வாசிச்சனான், அவ்வளவுதான்."

அந்தக் கோபம் ஆறுவதற்குள் பேரின்பநாதன் கூட்டம் வைத்தான். வீட்டுத் தரகன். இரண்டு வருடமாக மொன்றியல் கழகத்தின் தலைவன். அவன் வீட்டில் வடையும் தேத்தண்ணியும் சுற்றி வந்தபிறகு விசயத்தை அவிழ்த்தான்.

"ஆடியிலை அப்பாவின்ர ஞாபகார்த்தக் கிண்ணம். நோத்ர-டாம் கழகப் பெடியளைக் கேட்டிட்டன், அவங்கள் வந்து எங்களோடை விளையாடுவாங்கள். கழகத்துக்கும் இனி அப்பாவின்ர ஊர்ப் பேர்தான். சாத்திரியிட்டைக் கேட்டன், சிவப்பு நல்லதாம். சிவப்பு ஜேர்சிக்குச் சொல்லியாச்சு. ரொறன்ரோவிலை இருந்து நாலு நல்ல விளையாட்டுக்காரரும் வருகினம்."

"மார்ல்பி?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"அண்ணை, அந்த மார்ல்பியே செத்துப்போச்செண்டு உங்கட மகள் சொல்லுறாள். பேந்து எங்களுக்கு என்னத்துக்கு? உந்த ஜேர்சியைப் பாத்தால் வயித்தாலை போனவன் மாதிரிக் கிடக்கு."

கூடம் சிரித்தது. செபஸ்தியாம்பிள்ளைக்குக் காது சுட்டது. இங்கிலாந்தில் ஒருத்தன், இங்கே ஒருத்தன். இனி உலகத்தில் அந்த நிறத்தைப் போடுகிற ஒரே கழகம் இதுதான். அதையும் வடை தின்றுகொண்டே புதைக்கிறார்கள்.

நோத்ர-டாம் பெடியள் என்றைக்கும் சிவப்புத்தான் போடுவார்கள். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ஒருவன் செத்த தகப்பன் பெயரில் ஒரு காரியம் செய்யும்போது நடுவில் 'ஆனால்' என்று சொல்வது வழக்கமில்லை. "நல்ல விசயம், நல்ல விசயம்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். செபஸ்தியாம்பிள்ளை வாயைத் திறந்தார். பிறகு, கிடக்கட்டும், சாத்திரியைக் கேட்டு விளையாடட்டும் என்று மூடிக்கொண்டார்.

கிண்ண நாளன்று பூங்காவில் மாலை போட்ட படம், குத்துவிளக்கு, ஒரு நிமிட மௌனம் எல்லாம் முறையாக நடந்தன. பிறகு இரண்டு பக்கமும் சிவப்பாக இறங்கின. மத்தியஸ்தர் அல்பேட், ஹெய்ட்டிக்காரர், விசிலை வாயில் இருந்து எடுத்தார்.

"ரூஜ், ரூஜ்! நோ, நோ, நோ." பேரின்பநாதனைக் கையால் காட்டினார். இரண்டு பக்கமும் சிவப்பில் விளையாட முடியாது; கூப்பிட்டவர்கள்தான் மாற்ற வேண்டும்.

பேரின்பநாதன் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் புல்லைப் பார்த்தார்கள். பிறகு எல்லோருடைய கண்களும் எல்லைக்கோட்டருகே மார்ல்பி ஜேர்சிப் பையோடு நின்ற செபஸ்தியாம்பிள்ளையிடம் போயின.

"அண்ணை, உந்தப் பையை ஒருக்காத் திறவுங்கோ."

"எந்தப் பை? வயித்தாலை போன பையோ?"

"அப்பாவின்ர நாளண்டைக்கு உந்தக் கதை வேண்டாம், அண்ணை."

அவர் திறந்தார். ஒவ்வொரு ஜேர்சியையும் தானே எடுத்து, வெளியே நிறுத்தியிருந்த பழைய பெடியளையும் சேர்த்துப் பதினொரு பேருக்கு, ஆளைப் பார்த்துக் கொடுத்தார். ரொறன்ரோ இளைஞன் ஒருவன் கையை நீட்டினான்.

"தம்பி, நீர் நல்லா விளையாடுவீர். உமக்கு என்னட்டை இல்லை."

"கிடக்குதே, அண்ணை! உதிலை நாலு கிடக்குது!" பேரின்பநாதன் பாய்ந்து வந்தான்.

"கிடக்குது. மழைக்கை வந்து பழகினவங்களுக்கு. காரிலை வந்து இறங்கினவங்களுக்கில்லை. வேணுமெண்டால் உன்ர சட்டையைக் கழட்டிக் குடு."

கழகத்தின் பெயரை எழுத வந்த அல்பேட் தலைவனைக் கேட்கவில்லை. ஜேர்சியின் நெஞ்சில் கிடந்ததைப் பக்கத்தில் நின்ற செலீனிடம் வாசிக்கக் கேட்டு எழுதிக்கொண்டார்: மார்ல்பி.

ஐந்துக்கு ஒன்று. கிண்ணத்தை நோத்ர-டாம்காரர் கொண்டுபோனார்கள். பேரின்பநாதன் மாலை போட்ட படத்தைக் காரில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"அப்பாவை அவமானப்படுத்திப்போட்டியள். நான் புதுக் கழகம் தொடங்குறன். வாறவன் வரலாம்."

முதலில் நகர்ந்தவன், அந்த ஒரு கோலையும் போட்ட மிதுசன். ஒன்பது வயதிலிருந்து இந்தப் பூங்காவில் வளர்ந்தவன்.

"குறை நினையாதைங்கோ அங்கிள். எனக்கும் ஒருக்கால் வெல்ல வேணும்."

செபஸ்தியாம்பிள்ளைக்கு வாயில் வந்த சொற்களில் ஒன்றுகூட ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடியதல்ல.

"போ. ஜேர்சியைக் கழட்டித் தந்திட்டுப் போ. தோய்க்க வேணும்."

மாலையில் நிலவறையில் அல்போன்சம்மா சேறு பிடித்த ஜேர்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள்.

"எத்தினை பேர் மிச்சம்?"

"ஏழு."

"ஏழு பேரோடை ஆட்டம் தொடங்க விடுவினமோ?"

"விடுவினம். ஏழுக்குக் குறைஞ்சால்தான் விடாயினம்."

அவள் மிதுசனின் ஜேர்சியை எடுத்து, கிழிந்திருந்த தோளை விரலால் தடவிப் பார்த்தாள். "இதைத் தைச்சு வைக்கட்டோ?"

அவர் அதைப் பறித்து உள்ளே எறிந்தார். மூடியை அடித்துச் சாத்தினார். மேலே யாரோ சிரித்தார்கள்.

"சிரியுங்கோடா!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே, "ஓம், தைச்சு வை" என்றார்.