திறந்த கோப்புகளும் காலி அலமாரிகளும்

மலாக்காவில், டுரியான் துங்கால் அணைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் கம்பெனி வரும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வாங்குகிற இடம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து குலைகள் லாரியில் வந்து இறங்கும். குலையோடு ஒரு முறை, கொட்டிவிட்டு வெறும் லாரியாக ஒரு முறை என்று எடை போடுவார்கள். அந்த எடை மேடையைத் திம்பாங் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எடை நேராகக் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறினால்தான் ரசீது, ரசீது வந்தால்தான் லாரி நகரும். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 'ஐ.டி. டிபார்ட்மெண்ட்' என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கும். திறந்து பார்த்தால் நானும் சில பழைய பிரிண்டர்களும் இருப்போம்.

ஒரு சமயம், லாரிகள் மொத்தமாக வந்து சேருகிற காலை வேளையில் மட்டும் டேட்டாபேஸ் சர்வர் மூச்சடைத்து நிற்க ஆரம்பித்தது. திம்பாங் அறையில் எடை தெரியும், ஆனால் பதிவாகாது. லாரிகள் கேட்டைத் தாண்டிச் சாலைவரை நிற்கும். திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. டேட்டாபேஸ் தன் ஒவ்வோர் அட்டவணையையும் ஒரு கோப்பாகத் திறக்கும். அதோடு பேச வருகிற ஒவ்வோர் இணைப்பும் அதே கணக்கில்தான் சேரும். எடை ரசீதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று டிரைவர்களுக்கெல்லாம் ஓர் ஆப் கொடுத்திருந்தார்கள். இணைப்புகள் பெருகின. வரம்பு மட்டும் சர்வர் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. அதை ஏற்றிவிட்டு டேட்டாபேஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் தீர்ந்தது.

இதை நான் எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் நம்மவர்தான், ஜாசின் பக்கம். எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் அதன் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். தலைமைத்துவச் சான்றிதழ் மட்டும் அவர் அறையில் மூன்று வகை உண்டு. அவர் திரையைப் பார்த்தார். வாய்விட்டுப் படித்தார்.

"டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ். தெளிவாத்தானே சொல்லுது? யாரு இவ்ளோ ஃபைல தொறந்து போட்டு வச்சிருக்கா?"

"பாஸ், அது நாம தொறக்குற ஃபைல் இல்ல. டேட்டாபேஸ் உள்ளுக்குள்ள தொறக்குறது. லிமிட்ட ஏத்தணும், அவ்ளோதான்."

"லிமிட்ட ஏத்துனா இன்னும் நெறைய தொறப்பாங்க லா. டிசிப்ளின் வேணும்மா, டிசிப்ளின்."

அன்று மதியமே ஆபிஸ் முழுக்க உத்தரவு பறந்தது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான் திறக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா பயந்துபோய், போன் அடித்தால்கூட முதலில் எக்ஸெலை மூடிவிட்டுத்தான் எடுத்தார். எடுத்தவுடன் எதிர்முனையில் கேட்கும் கணக்கைச் சொல்ல மறுபடியும் திறப்பார். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிரம்பிய ஆபிஸ் அது. ஒருவராவது "இது என்ன கூத்து" என்று கேட்பார் என்று பார்த்தேன். எல்லாரும் மும்முரமாக மூடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையும் சர்வர் நின்றது. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்ற லாரிகளில் ஒன்று பெம்பான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருவது. அதை ஓட்டுகிறவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அறுபதை நெருங்குகிறவர், நேரில் பட்டென்று பேசிவிடுகிறவர். என் ஜன்னலுக்கு வந்து தட்டினார்.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? நேத்து வெட்டுன குலை. பழம் உதிர்ந்து லாரிக்குள்ளயே கொட்டுது. உள்ளுக்கு போனா கிரேடு பாக்குறவன் கொறச்சுப் போடுவான். தோட்டத்துல என்னையத்தான் கேப்பாங்க, வழியில எங்க போய் படுத்திருந்தேன்னு."

"சர்வர் பிரச்சன அங்கிள். சரி பண்ணலாம். பண்ண விட மாட்டேங்கிறாங்க."

"சரி பண்ணத் தெரிஞ்சவங்கள பண்ண விடாம, அப்புறம் எதுக்கு உன்ன வேலைக்கு வச்சிருக்காங்க?"

விடாததற்குக் காரணம் ஒரு கான்ட்ராக்ட். கோலாலம்பூரிலிருக்கும் ஓர் ஆலோசகர்தான் சர்வரில் எதையும் மாற்றலாம். கடவுச்சொல் என்னிடமும் இருந்தது, ஆனால் கான்ட்ராக்ட்படி வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும்.

ஆலோசகர் வந்தார். காலில் கூர்மூக்குச் சப்பாத்து, கையில் தன் ஊரிலிருந்தே வாங்கி வந்த காப்பி, மலாக்காவில் காப்பியே கிடைக்காது என்பதுபோல. கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடித்தார். பழைய எண் ஆயிரத்துச் சொச்சம். இன்னொரு கட்டளை அடித்தார். புது எண் அறுபத்தையாயிரத்துக்கு மேல். "சீ? டன்," என்று மேனேஜர் பக்கம் திரும்பிச் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். எண் பெரிதாகிவிட்டதை இருவரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

"சார், அது இந்த விண்டோவுக்கு மட்டும்தானே மாறியிருக்கு? டேட்டாபேஸ் பூட் ஆகும்போதே ஓடுறது. அதுக்குத் தனியா மாத்தணும்ல?" என்றேன்.

"இட்ஸ் த சேம் சர்வர், சிஸ்டர்," என்றார் அவர். அதோடு கறுப்புத் திரையை மூடினார். அவர் ஏற்றிய வரம்பும் அந்தத் திரையோடு போய்ச் சேர்ந்தது. இருவரும் சாப்பிடக் கிளம்பினார்கள்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு என்ன வரம்பு என்று சிஸ்டத்தையே கேட்கலாம், அது மறைக்காமல் சொல்லும். அதே ஆயிரத்துச் சொச்சம். இதைக் கண்டுபிடிக்க மேதையாக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் எவரெவரோ பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள், படித்தால் போதும். படிப்பதற்குத்தான் அந்த ஆபிஸில் ஆள் இல்லை.

அடுத்த காலையும் லாரிகள் சாலைவரை நின்றன. ஆலோசகருக்குப் போன் செய்தேன். "அப்ப ஹார்ட்வேர் பத்தல. புது சர்வர் வாங்கிடுங்க. கொட்டேஷன் அனுப்புறேன்," என்றார். சொல்லும்போதே ஒரு கொட்டாவியும் கேட்டது.

மேனேஜருக்கு அப்போதுதான் பெரிய ஞானம் பிறந்தது.

"கம்ப்யூட்டர் ஃபைல மூடிட்டோம். பேப்பர் ஃபைலு? கப்போர்டெல்லாம் பிதுங்குது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சர்வர்லதானே போட்டோம்? அப்ப ரெண்டும் ஒண்ணுதான்லா. நாளைக்கு கோத்தோங் ரோயோங் போட்டு, எல்லாரும் சேந்து கூட்டி அள்ளிருவோம். எல்லாரும் டி-சர்ட் போட்டு வாங்க."

வந்தார்கள். ஒரே நிற டி-சர்ட்டில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் பெருக்குகிற உற்சாகத்தோடு அலமாரிகளைக் காலி செய்தார்கள். பழைய காகிதம் எடுக்கும் லாரி ஒன்று பின்பக்கம் நின்றது. ஃபைல்கள் கட்டுக்கட்டாக அதில் ஏறின. எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாசி லெமாக் பொட்டலங்கள் வந்தன. படம் எடுத்தார்கள். முன்பக்கம் அங்கிளின் லாரியோடு சேர்த்து ஒரு வரிசை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

எல்லாரும் பின்பக்கம் இருந்தார்கள். நான் என் அறைக்குப் போனேன். டேட்டாபேஸைத் தொடக்கிவைக்கும் சேவையின் அமைப்பில் வரம்புக்கு ஒரு வரி சேர்த்தேன். சிஸ்டத்தை அதைப் புதிதாகப் படிக்கச் சொன்னேன். டேட்டாபேஸின் சொந்த அமைப்பிலும் அதற்குத் தக்கபடி மாற்றினேன். நிறுத்தினேன், தொடங்கினேன். ஓடுகிற புரோகிராமையே மறுபடி கேட்டேன். புது எண்ணைச் சொன்னது. மொத்தமும் ஒரு கிளாஸ் தே தாரேக் ஆறுகிற நேரம்தான். கான்ட்ராக்டை மீறிவிட்டோமே என்று கதவுப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். திம்பாங் அறையில் பிரிண்டர் கரகரவென்று ரசீது அடிக்கிற சத்தம் கேட்டது.

லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்த நேரம் பார்த்து மேனேஜர், கழுத்து வேர்வையைத் துடைத்தபடி முன்பக்கம் வந்தார். ஓடும் லாரிகளைப் பார்த்தார். திரும்பிக் காலி அலமாரிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"பாத்தியாம்மா?"

"பாஸ், நான் இப்பதான் லிமிட்ட மாத்தி ரீஸ்டார்ட் பண்ணேன். அதனாலதான்..."

"குட், குட். எல்லாரும் அவங்கவங்க பங்குக்கு செஞ்சதுதான். டீம் வோர்க்லா!"

தலைமையகத்துக்கு டி-சர்ட் படங்கள் போயின. பாராட்டு வந்தது. மாதா மாதம் இப்படியொரு நாள் நடத்தப்படும் என்று அறிவிப்பும் வந்தது. அதன் பிறகு சர்வர் ஒரு காலையும் நிற்கவில்லை. கணக்குப் பிரிவு அக்கா என்னிடமே வந்து, "அந்தப் பழைய பேப்பர்ல ஏதோ இருந்திருக்குலா," என்றார். நான் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

சில வாரங்கள் கழித்து எடைக்கருவிகளைச் சோதிக்கும் அதிகாரிகள் வந்தார்கள். திம்பாங்கைச் சரிபார்த்ததற்கான அசல் சான்றிதழைக் காட்டச் சொன்னார்கள். மேனேஜர் அலமாரியைத் திறந்தார். உள்ளே யாரோ வாங்கி வைத்த பிளாஸ்டிக் பூ ஒன்று இருந்தது. ஸ்கேன் செய்த படியைத் தேடினால், அந்த ஒன்றை மட்டும் எவரும் ஸ்கேன் செய்திருக்கவில்லை. பேச்சுக்கே இடமில்லாமல் திம்பாங்கை மூடித் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுபடி சோதித்து முத்திரை வாங்கும்வரை ஒரு குலையும் எடை போடக்கூடாது.

லாரிகள் சாலைவரை நின்றன. அங்கிள் இறங்கி வந்து ஒட்டியிருந்த தாளைப் படித்தார். என்னிடம் விசாரித்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அன்னிக்கி ஃபைல் ரொம்ப ஜாஸ்தின்னீங்க. இன்னிக்கி பத்தலையாக்கும்?" என்று கேட்டு, மேனேஜர் அறைப் பக்கமாகப் பார்த்துத் துப்பினார். பிறகு லாரியைத் திருப்பிக்கொண்டு குலை வாங்கும் வேறு இடத்துக்குப் போய்விட்டார். பின்னாலேயே இன்னும் சிலரும் போனார்கள். சிலர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டு வைத்த புது அலமாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஆவணப் பாதுகாப்பு பற்றி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனார், சான்றிதழோடு வந்தார். ஆலோசகரின் கான்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள்.

புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். "வேலைய விட்டுருலா," என்றார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் இதைவிட நல்ல இடம் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. நான் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் மேனேஜர் அறையில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் கம்பெனியின் பெம்பான் கிளைக்குப் பிரிண்டர் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அங்கே தனி சர்வர், அதே பழைய வரம்பு. ஆப்பை அங்கேயும் கொடுக்கப் போவதாகப் பேச்சு. பிரிண்டரைச் சரி செய்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் அந்த வரம்பையும் ஏற்றி வைத்தேன். அங்கே கணக்கெழுதும் கிராணி எட்டிப் பார்த்து, "என்னா செய்றீங்க?" என்றார். "தூசி தட்டுறேன்," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.