காக்கா தொட்ட கணக்கு

மாதத்தில் மூன்று நாள் அம்மாவைக் காக்கா தொட்டுவிடும். தொட்டவுடன் அவள் ஒரு பாயையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகையை ஒட்டிக் கீற்று வேய்ந்த சாய்ப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான்காம் நாள் தலை முழுகிய பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். அதுவரை அவளும் யாரையும் தொடக்கூடாது, நாங்களும் அவளைத் தொடக்கூடாது. உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊரில் அப்போது எல்லா வீட்டுப் பெண்களையும் காக்கா தொட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஏழு வயது. எந்தக் காக்கா என்று வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மற்ற நாள்களில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நைனா, இரண்டு சித்தப்பாக்கள், என் அண்ணன்மார் இருவர், நான், புருஷன் போய்விட்டதால் எங்களோடு இருந்த அத்தை, போதாததற்கு நடவுக்கும் அறுப்புக்கும் வருகிற கூலியாட்கள் என்று அத்தனை வாய்க்கும் அவள் ஒருத்திதான் உலை வைத்தாள். சாப்பாட்டைக்கூட அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிடுவாள். அத்தை கெட்டவள் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை நடத்துவாள், அவ்வளவுதான்.

சாய்ப்பில் அம்மா வேறு ஆளாக இருந்தாள். காலை நீட்டிப் போட்டுக்கொள்வாள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தந்த வாரப்பத்திரிகைத் தாள்களைச் சேர்த்து வைத்திருந்து, நீவிவிட்டுப் படிப்பாள். அதில் கதை பாதியில் நின்றுபோகும். மீதியைத் தானே கட்டி, எட்ட உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல்வாள். சில சமயம் கதையும் வேண்டாமென்று சும்மா இருப்பாள். என்னம்மா பண்ணுகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன்.

“மூச்சு வுடறேன்டி. இங்க ஒக்காந்தாதான் அது வுடறதே தெரியுது.”

அடுப்படியில் அவள் மூச்சுவிடுவதில்லையா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் அம்மா எனக்குக் கிடைப்பது அந்த மூன்று நாள்தான் என்பது மட்டும் தெரியும். அதனால் காக்கா தொடும்போதெல்லாம் சாய்ப்புச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அமாவாசைக்கு வடை சுடுவார்கள் என்பதால் அதற்கு ஒரு வட்டம். இரண்டு வட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு, அடுத்த இரண்டு வட்டத்துக்கு நடுவில் இன்னொரு கோடு என்று வரிசை அழகாக நீண்டுகொண்டு போயிற்று.

கிணற்றில் கரண்டு மோட்டார் வைத்த வருஷம் அந்த அழகு கெட்டது. அதுவரை ஏரித் தண்ணீரை நம்பி ஒரு சம்பா மட்டும் எடுத்தவர்கள், சொர்ணவாரி, நவரை என்று மூன்று போகமும் போட்டு நிலத்துக்கு ஓய்வே கொடுக்கவில்லை. நைனா புது ஜிப்பா தைத்துக்கொண்டார். சித்தப்பா சைக்கிள் வாங்கினார். அம்மாவுக்கு உலைப்பானை பெரிதாயிற்று. அந்த வருஷம்தான் என் சுவரில் இரண்டு வட்டத்துக்கு நடுவில் இரண்டு கோடு விழ ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இன்னொன்றும் கவனித்தேன். இப்படி உபரியாக வருகிற நாள்களில், அம்மா வெளுத்து மடித்து வைத்திருந்த பழந்துணியையே எடுத்து நனைத்துப் பிழிந்து, அத்தை கண்ணில் படுகிற மாதிரி படலின் மேல் காயப்போடுவாள். அழுக்கே இல்லாத துணியை எதற்குத் துவைக்கிறாள் என்று தோன்றியது. கேட்கவில்லை.

நவரை நடவுக்கு ஆள் இறங்கிய அன்று காலையில் அம்மா பாயைச் சுருட்டினாள். அத்தை வழிமறித்தாள்.

“இப்பதானடி ஒக்காந்து எயுந்த, அதுக்குள்ள இன்னா?”

“அது போன மாசம், அண்ணி.”

அத்தை விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, இருக்கும் இருக்கும் என்று விலகப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் வாத்தியார் என்னைக் கணக்கில் முதல் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு நாள் மறந்துவிட்டது, பாவம், திருத்த வேண்டும் என்று நினைத்தேன். அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வட்டத்தையும் கோட்டையும் வரிசையாகக் காட்டி, சத்தமாக எண்ணிக் காட்டினேன். அத்தை எனக்கு ஒரு வெல்லக் கட்டி கொடுத்தாள். அம்மா பாயைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் பயந்துபோனாள். அவளுடைய ஓர்ப்படி ஒருத்தி இப்படி மாதத்துக்கு இரண்டு தடவை போய்ப் போய் ரத்தம் சுண்டிச் செத்தாளாம். “ஒடம்ப இப்பிடி வெச்சிக்கினு வாயத் தொறக்காம கீறாளே” என்று நைனாவிடம் அழுதாள். எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என்னையும் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் அத்தையே பதில் சொன்னாள். மூன்று பிள்ளை, இரண்டு ஆண் ஒரு பெண், போதும். மறைப்புக்குப் பின்னால் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா, கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது என்றார். தேடினால் யாருக்குத்தான் ஏதாவது ஒரு வீக்கம் இருக்காது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் எடுத்துவிடலாம் என்றார்.

“எடுத்துடுங்கம்மா. அறுப்புக்குள்ள எயுந்து நடமாடிடுவா இல்ல?” என்றாள் அத்தை.

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அம்மாவுக்காக ஒருத்தர் கண்ணீர் விட்டது அதுதான் முதல் தடவை. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அண்ணி சொல்கிறபடியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். நைனா கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அறுப்புக்கு முன்னால் எழுந்தும்விட்டாள். அத்தைக்கு வாயெல்லாம் பல்.

“இனிமே உனக்கு அந்தப் பேஜாரே கெடையாது. முப்பது நாளும் சுத்தமா அடுப்பாண்ட இருக்கலாம்.”

அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் உயிரோடு இருந்தாள். சாய்ப்பில் புண்ணாக்கு மூட்டை அடுக்கினார்கள்.

அந்தத் துணியை அம்மா ஏன் நனைத்தாள் என்பது, என்னைக் காக்கா தொட ஆரம்பித்த வயதில்தான் எனக்கு விளங்கியது. யாரோ பிடரியில் அறைந்தது போலிருந்தது. நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. கடைசிவரை வரவில்லை.

ஆனால் அந்தச் சின்ன வயதில் எனக்குக் காக்காவின் மேல்தான் கோபம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஓர் அமாவாசையன்று, மதில்மேல் சோறு வைத்து அம்மா கா கா என்று கூப்பிட்டாள். காக்கா வந்தது. கிட்டே போம்மா, தொடட்டும் என்று அவளைப் பின்னாலிருந்து தள்ளினேன்.

“அது இனிமே என்னைத் தொடாதுடி” என்றாள் அம்மா.

நான் விடவில்லை. சாய்ப்புக்கு இழுத்துப் போய், மூட்டைகளுக்கு மேலே இன்னும் தெரிந்த என் கோடுகளைக் காட்டி, கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று வட்டம் ஆகியும் ஒன்றுமே இல்லை என்று எண்ணிக் காட்டினேன். அம்மா சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நல்லா எண்ணக் கத்துக்கினே” என்று சொல்லிவிட்டு, உலை பொங்குகிறது என்று உள்ளே ஓடினாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக வாத்தியாரிடம் சொன்னேன், என் கணக்கை எங்கள் அம்மாவே மெச்சினாள் என்று.