நான் கொடுக்காத வார்த்தைப்பாடு

நான் மாதாவுக்கு எந்த வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை. கொடுத்ததாக என் கணவரிடம் பொய் சொன்னேன். ஏழு வருடங்களாக அந்தப் பொய்யை வைத்துத்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, மீதியையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

என் பெயர் லூசி. வயது முப்பத்தொன்று. புதுச்சேரியில் மாதா கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளை இல்லை. எங்கள் கோவில் பங்கின் மாதா சபைப் பெண்களுக்கு நான்தான் தலைவி... சிரிக்காதீர்கள்!

என் அக்கா ரோசலியை உழவர்கரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த தை மாதம் அவளுக்கு முதல் பிரசவம். இரண்டு பகல் வலித்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான், துணி அலசியது நான், அவள் பிடித்துக்கொள்ளக் கையைக் கொடுத்ததும் நான். பிள்ளை செத்துப் பிறந்தது. அன்று சாயங்காலமே அவளும் போய்விட்டாள். அவளுடைய நகம் பதிந்த தடம் என் மணிக்கட்டில் பல நாள் இருந்தது.

எனக்கு ஏற்கெனவே கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். துக்கத்துக்காக நிறுத்தவில்லை. பாஸ்காத் திருநாள் முடிந்ததும் நடந்தது.

மாப்பிள்ளை அந்துவான், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான மூன்றாம் நாள் காலை, பூசை பார்த்துவிட்டு வந்த கையோடு தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துக் காட்டினார். பட்டுத் துணி, இரண்டு உள்ளங்கை அகலம்.

"சைகோன்லயே வாங்கி வச்சிட்டேன். நம்ம புள்ளைக்கு" என்றார்.

அந்தச் சட்டைக்குள் நான் பார்த்தது ரோசலியின் பிள்ளையை. அப்போதுதான் சொன்னேன். அக்கா சாகக் கிடந்தபோது, மாதாவைப் போல நானும் கடைசிவரை கன்னியாகவே இருப்பதாக வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, வெளியே சொன்னால் தோஷம்... ஒரே மூச்சில் சொன்னேன். எங்கிருந்து வந்தது அத்தனை பொய்? யோசித்துக்கூட வைத்திருக்கவில்லையே!

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் பயத்தை யார் மதிப்பார்கள்? "எல்லாரும்தான் பெத்துக்குறாங்க" என்று என் அம்மாவே வாயை அடைத்திருந்தாள். மாதாவின் பெயரைச் சொன்னால் எதிர்ப்பேச்சு இருக்காது. அது எனக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருந்தது. மாதா பேறுகாலத்துக்கு முன்னும் கன்னி, பேற்றின்போதும் கன்னி, அதற்குப் பின்னும் கன்னி. கண்ணாடி உடையாமல் வெயில் உள்ளே வருவதுபோல சேசுநாதர் பிறந்தார். அவளுக்கு வலியே கிடையாது. ரோசலி போன பிறகு ஞானோபதேசப் பாடம் முழுவதிலும் இந்த ஒன்றைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலியில்லாமல் பெற்றாள்! அது விசுவாசமா, பொறாமையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்துவான் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். மூடியைச் சாத்திவிட்டு, "மாதாவுக்கே குடுத்துட்டியா... அப்ப நா என்னா சொல்றது? மாதாவத் தொடாம காப்பாத்துன சூசையப்பரு மாதிரி இருந்துட்டுப் போறேன்" என்றார்.

அப்படியே இருந்தார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. மில்லில் வாசல் காவல் வேலை கிடைத்தது. காலையில் போவார், சாயங்காலம் வருவார், செபமாலை சொல்வோம். தெருப் பிள்ளைகளுக்குக் காற்றாடி செய்து கொடுப்பார். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். நல்ல மனிதர் ஒருவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று நான் அறிந்துகொண்டது அந்த ஜன்னலில்தான்.

மூன்றாம் வருடம் எங்கள் வீட்டின் பக்கத்துப் பகுதிக்கு ரூத்தக்கா குடிவந்தாள். கடலூர்க்காரி. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். புரோட்டஸ்டண்ட். நாங்கள் மாதா என்றால் அவள் மரியாள் என்பாள். எங்கள் சூசையப்பர் அவளுக்கு யோசேப்பு. அந்துவான் அவளுடைய சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் கொடுப்பார். அவள் மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேச்சுவாக்கில், தான் சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டவர் என்று இவர் சொன்னார். சூசையப்பரும் கடைசிவரை பிரம்மச்சாரிதானே என்றார். ரூத்தக்கா பைபிளை எடுத்துவந்தாள்.

"இல்ல தம்பி. கன்னியா இருந்துதான் இயேசுவப் பெத்தாங்க, அத நாங்களும் நம்புறோம். அதுக்கப்புறம் புருஷன் பொஞ்சாதியா குடும்பம் நடத்துனாங்க. யாக்கோபு, யோசே, சீமோன், யூதான்னு இயேசுவோட தம்பிங்க பேரே இங்க கெடக்குது பாருங்க."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஆசை இருந்தது... அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, அந்தம்மா சொல்றமாரி இருந்தா, சூசையப்பருக்கும் புள்ளைங்க இருந்துருக்குதே?"

நான் சும்மா விடுவேனா? "சித்தப்பா மவனயும் நாம தம்பின்னுதான சொல்றோம்? அங்கயும் அப்டித்தான். சிலுவையில தொங்கறப்ப மாதாவ சீஷரான அருளப்பர் கையில எதுக்கு ஒப்படைச்சாரு? கூடப் பொறந்தவங்க இருந்தா வேற ஆளுகிட்ட விட்டுட்டுப் போவாரா?" என்று சரமாரியாக அடுக்கினேன். பங்குச் சாமியார் கேட்டிருந்தால் பரிசே கொடுத்திருப்பார். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எங்கள் திருச்சபை போதிப்பதைத்தான் சொன்னேன். ஆனால் எதற்காகச் சொன்னேன்? மாதாவுக்காகவா?

ரூத்தக்கா சண்டைக்கு வரவில்லை. "அப்டியே இருக்கட்டும் லூசி. ஒன் வழக்கம் ஒனக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன். அவங்க புருஷனோட வாழ்ந்துருந்தா அதுல என்னா அசிங்கம்? அவங்களுக்கு என்னா கொறஞ்சி பூடும்?"

இரண்டு நாள் கழித்துக் கிணற்றடியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நானே வலியக் கேட்டேன். "மாதாவுக்கு வலியே இல்லக்கா. தெரியுமா?"

"வலிச்சிருக்கும்டி. நா எத்தினி பிரசவம் பாத்துருக்கேன்! வலிச்சாலும் அவங்க மரியாள்தான்." பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்கு பயமா லூசி? சொல்லு. நா இருக்கேன். ஆஸ்பத்திரியில வச்சிப் பாத்துக்கலாம்."

மூன்று வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அழுதிருந்தால்கூடப் போதும்! நான் என்ன செய்தேன் தெரியுமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் சாமியாரைப் பார்த்து, பக்கத்து வீட்டு வேதம் தப்பிய பதிதக்காரி மாதாவை இழிவாகப் பேசுகிறாள், என் வீட்டுக்காரரின் விசுவாசத்தைக் கெடுக்கிறாள் என்று புகார் சொன்னேன். வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், சாமியார் சொல்லைத் தட்டமாட்டார். பதினைந்து நாளில் ரூத்தக்கா காலி செய்தாள். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றும்போது ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்கு அடுத்த மாதம்தான் என்னை மாதா சபைக்குத் தலைவியாக்கினார்கள்.

சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதைச் சொல்லியிருக்கிறேனா என்று கேட்பீர்கள். மாதாமாதம் போகிறேன். கோபப்பட்டேன், செபத்தில் பராக்காயிருந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். ஒரு பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மறுநாள் பூசையில் நான் நாவில் வாங்கும் நன்மையும் பாவம். சபைப் பெண்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

சாமியாரிடம் சொன்னால், போய்ப் புருஷனிடம் உண்மையைச் சொல் என்பார். அவரிடம் எப்படிச் சொல்வது? மாதாவுக்காகப் பொறுத்தோம் என்ற நினைப்பு ஒன்றுதான் அந்த மனிதருக்கு மிச்சம். அதையும் பிடுங்கலாமா... இதுவும் சாக்குதான். எனக்குத் தெரியாதா என்ன!

நேற்று காலை பூசை முடிந்து வந்தவர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"லூசி, சாமியாருகிட்ட ஒண்ணு கேட்டேன். ஒரு பொண்ணு கன்னியாவே இருக்கேன்னு மாதாவுக்கு வார்த்தைப்பாடு குடுத்துட்டா, அத எடுக்க முடியுமான்னு. ஒம் பேரு சொல்லல. பெரிய சாமி மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்டா விடுதலை குடுப்பாங்களாம். பாவமில்லையாம்."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ சரின்னு சொன்னா போதும். எனக்கு நாப்பத்தொண்ணு ஆவுது" என்றார்.

ஏழு வருடத்தில் அவர் எனக்காகக் கண்டுபிடித்த கதவு அது. என் பொய்யைக்கூட ஒப்புக்கொள்ள வேண்டாம். தலையசைத்தால் போதும், வெளியே வந்துவிடலாம். ரோசலியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"மாதாவக் கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

இன்று காலை காபியைக் கொடுத்தேன். தம்ளரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மாதா வேணாங்கறாங்க."

"சரி" என்றார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார்.

மாதா ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.