நூற்றுக்கு நூறு டீச்சர்

ஜெஸீமா டீச்சர் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் நாலு பேர் யோசிப்பார்கள். நூற்றுக்கு நூறு டீச்சர் என்று கேட்டால், கலேவெல பஸ் நிலையத்தில் நிற்கும் எந்தத் த்ரீவீல்காரரும் நேரே அவர் வீட்டுக் கேற்றடியில் கொண்டுபோய் விடுவார். பதினொரு வருடமாக ஐந்தாம் வகுப்பு அவர் கையில்தான். முதல் வருடத்தை விட்டால், புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவர் அனுப்பும் பிள்ளைகளில் ஒன்றுகூட எழுபது புள்ளிக்குக் கீழே இறங்கியதில்லை. அனுப்பும் பிள்ளைகளில் என்கிறேன், கவனியுங்கள். இந்தக் கதையின் நாற்றமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

நான் அதே பாடசாலையில் முதலாம் வகுப்பு ஆசிரியை. அவர் புதிதாக வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளியும் போத்தலும் வைத்து லீற்றர் கணக்குப் படிப்பித்தவர். மழை பெய்தால் பாடத்தை நிறுத்திவிட்டு மழையைப் பற்றி எழுதச் சொல்வார். அந்த முதல் வருடம் ஒன்பது பிள்ளைகள் எழுபதைத் தாண்டவில்லை. பாடசாலை அதிபர்கள் கூட்டத்தில் எங்கள் அதிபர் ஸக்கரியா சேரை எழும்பி நிற்கச் சொல்லிக் காரணம் கேட்டார்களாம். அவர் திரும்பி வந்து, பிள்ளைகள் பார்த்திருக்க, ஜெஸீமா டீச்சரை நிற்க வைத்துக் கேட்டார். அதற்குப் பிறகு டீச்சர் கிணற்றடிக்குப் போகவில்லை.

பிறகு வந்ததெல்லாம் பழைய வினாத்தாள்தான். காலையில் ஒன்று, இடைவேளைக்குப் பிறகு ஒன்று, வீட்டு வகுப்பில் இன்னொன்று. கேள்வியை முழுதாக வாசிக்காதே, விடைகளைப் பார், பொருந்தாததை வெட்டு என்று பத்து வயதுப் பிள்ளைகளைப் பழக்கினார். பெற்றோருக்கு அது தேனாக இருந்தது. காலைவேளையில் காய்ச்சலோடு வந்து வினாத்தாளின்மேல் வாந்தியெடுத்த பிள்ளைக்கு, தாய் வேறு வினாத்தாள் கேட்டு வாங்கிக் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அந்த வாந்தியைவிட அந்தத் தாயைப் பார்க்கத்தான் குமட்டியது.

எழுபது எடுக்க மாட்டாது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் வேறு வேலை. வெண்கட்டி எடுத்து வருவது, பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. போன வருடம் இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேர் அப்படி. அவர்களில் ஒருத்தி அஸ்ரா. வாப்பா பஸ்லி சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டுகிறார். உம்மா றுக்ஸானா கலேவெல சந்தையில் மரக்கறி விற்கிறாள்.

அந்த எட்டுப் பேரின் உம்மாமாரையும் ஒருநாள் பாடசாலைக்கு அழைத்து ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என் பிள்ளைக்கு இந்தப் பரீட்சை எழுத விருப்பமில்லை, விண்ணப்பிக்க வேண்டாம் என்பதுதான் கடிதம். அது சிங்களத்தில் இருந்தது. பக்கத்து ஊர்ச் சிங்களப் பாடசாலையில் வாங்கிய மாதிரிக் கடிதத்தை அப்படியே அச்செடுத்ததாக ஸக்கரியா சேர் இன்றைக்கும் சொல்கிறார். எங்கள் பெண்கள் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசினால் முதலாளிமாரே வாயடைத்துப் போவார்கள். வாசிக்கத்தான் வராது. அதை நாலு பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கம். கடிதத்தை வாசிப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு எட்டுப் பேரும் கையெழுத்து வைத்தார்கள். பேனையை நீட்டியவர் ஜெஸீமா டீச்சர்.

பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகப் பள்ளிவாசலில் துஆ கேட்பது எங்கள் ஊர் வழக்கம். மௌலவி ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் வாசிப்பார். பாடசாலையிலிருந்து போன பட்டியலை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். பதினான்கு பெயர்.

அன்று பின்னேரம் ஜெஸீமா டீச்சர் வீட்டில் நான் இருந்தபோது றுக்ஸானா வந்தாள். பஸ்லி பள்ளிவாசலுக்குள் கடைசிப் பெயர்வரை கையேந்தி நின்றுவிட்டு வந்து, மகளின் பெயர் எங்கே என்று அவளிடம் கேட்டாராம். பட்டியலில் மகளின் பெயர் தவறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சைக்கு முன் சேர்க்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அஸ்ராவுக்குப் புதுச் சப்பாத்தும் வாங்கியாகிவிட்டது. டீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, விண்ணப்பமே போகவில்லை, நீங்கள்தானே கையெழுத்து வைத்தீர்கள் என்றார்.

“அது பகல் சாப்பாட்டுக் கடிதம்னு நெனச்சேன் டீச்சர். எனக்கு சிங்களம் வாசிக்க வராதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்” என்றார் டீச்சர்.

றுக்ஸானா சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் தந்த பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. ஆனாலும் குடித்தேன்.

பரீட்சை முடிந்த திங்கட்கிழமை பாடசாலையில் பாற்சோறு விருந்து. பதினான்கு பிள்ளைகளையும் மேடையில் ஏற்றியிருந்தார்கள். றுக்ஸானா அஸ்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள்.

“சோதின முடிஞ்சிதானே டீச்சர். இனி இவளுக்கு வாசிக்கப் படிச்சுக் குடுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மகளை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெஸீமா டீச்சர் அஸ்ராவையும் கூட்டிக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“எழுத்து எதிலருந்து தொடங்குவீங்க டீச்சர்? எனக்கு மறந்து போச்சு.”

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடமாக வயிற்றில் கிடந்ததையெல்லாம் அன்றைக்கே அவர் முகத்தில் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அஸ்ரா என் வகுப்புக்குள் ஓடிவிட்டாள். சின்னப் பிள்ளைகளைத் தாண்டிப் போய், அலுமாரிக்குப் பின்னால், கரும்பலகை கண்ணில் படாத அந்த மூலையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“டீச்சர், முதலாம் வகுப்புல நீங்க என்னய இங்கதானே வச்சிருந்தீங்க.”