ஐந்தாவது டயருக்கு எலுமிச்சம்பழம் இல்லை

இதனைக் கட்டுக்கதை என்று கருதுவோர் அவ்வாறே கருதிக்கொள்ளட்டும். நாளும் நேரமும் இடமும் சொல்லிவிட முடியும். 1995ஆம் ஆண்டு, நவம்பர் 23, வியாழக்கிழமை. மாலை மணி ஆறு நாற்பதுக்கும் ஏழரைக்கும் இடைப்பட்ட பொழுது. இடம், மலாக்கா மாநிலத்தில் சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலை. அனுபவித்தவர் பரமேஸ்வரன். குருபோங்கில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். மதுவைத் தொடாதவர். பேய் என்று யாரேனும் பேச்செடுத்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிறவர்.

அந்த மாலைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை.

பரமேஸ்வரனின் மனைவி மோகனா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஆகையால் அவர்கள் ஆசிரியர் குடியிருப்பிலேயே வசித்தனர். வீட்டிலிருந்து தார்ச்சாலை நான்கு கட்டை, அதாவது நான்கு மைல் தொலைவு. நான்கு கட்டையும் செம்மண். மழை பெய்தால் குழைத்த மாவு.

முந்திய ஆண்டு மழைக்காலத்தில் மோகனா ஆறு மாதக் கர்ப்பிணி. ஒரு நாள் இரத்தம் கண்டது. பரமேஸ்வரன் தமது பிக்கப்பில் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவ்வண்டியில் அப்போது இருந்தவை சாதாரண சாலை டயர்கள். ரப்பர் தகடுகளை உலர்த்திய பழைய புகைக்கூடத்து வளைவில் வண்டி சேற்றில் புதைந்தது. சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. டிராக்டர் வந்து இழுப்பதற்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. மோகனா பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

மோகனா மீண்டும் கருவுற்றபோது பரமேஸ்வரன் தொட்டிலுக்கு விலை கேட்கவில்லை. டயருக்குத்தான் விலை கேட்டார்.

அலோர் காஜாவில் ஒரு டயர் கடை. அங்கே வேலை செய்பவர் மணியம். கையில் எப்போதும் கரி, வாயில் எப்போதும் கேலி.

"அண்ணே, சேத்துக்குன்னே உள்ள மட் டயர் போட்டா மாட்டவே மாட்டாது. ஆனா ரோட்டில ஹெலிகாப்டர் மாதிரி கத்தும்லா. தெனம் குருபோங் போய் வர்ற ஆளு நீங்க. ஒரு மாசத்துல காது போயிடும்."

"சாலை டயர் வேண்டாம் மணியம். வேற எதுவா இருந்தாலும் சரி."

"அப்ப நடுவுல உள்ளது. ஆல் டெரெயின். கட்டம் கட்டமா இருக்கும் பாருங்க. தார்ல கொஞ்சம் பாடும், சேத்துல வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கும். என் மாமியாருக்கு நேர்மாறு."

பரமேஸ்வரன் சிரித்தார். நான்கு புதிய டயர்கள் வாங்கினார். உபரிச் சக்கரத்திற்கும் அதே வகை வேண்டுமென்றார்.

"அதுக்கு ஏண்ணே புதுசு? அடியிலதான தொங்கப் போகுது. இதே கட்டம் போட்ட பழசு ஒன்னு இருக்கு, பாதி கூடத் தேயல. எடுத்துக்கிங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் பிக்கப்பை நிறுத்தினார். பூசாரி பன்னீர் தெளித்து, சந்தனம் வைத்து, சூடம் காட்டினார்.

"டயர் எத்தனைப்பா மாத்தின?"

"நாலுங்க சாமி."

நான்கு எலுமிச்சம்பழங்கள் நான்கு சக்கரங்களின் கீழ் வைக்கப்பட்டன. வண்டி முன்னே நகர்ந்தது. நான்கும் நசுங்கின. வண்டியின் அடியில், மண் படிந்த சங்கிலியில், ஐந்தாவது டயர் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருடைய நினைவில் வரவே இல்லை.

புதிய டயர்களோடு வாழப் பழகவேண்டியிருந்தது. ஸ்டியரிங் கனத்தது. டீசல் கூடுதலாகச் செலவாயிற்று. தார்ச்சாலையில் எண்பதைத் தொட்டால் 'ஊ...ம்' என்று ஓர் இரைச்சல் எழும். வானொலியில் செய்தி வாசிப்பவர் வெறுமனே வாயசைப்பது போலவே இருக்கும். வெறும் வண்டியாக ஓட்டினால் பின்புறம் குதிரைபோல் துள்ளும். பாரம் ஏற்றினால்தான் அடங்கும்.

"உங்க வண்டி தார் ரோட்டை விட்டு இறங்குறதுக்குள்ள தோட்டத்துக்கே தெரிஞ்சிடுது. நான் சோத்தைப் போட்டு வெச்சிடுறேன்," என்பார் மோகனா. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது. அவர் கைகளில் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த வழக்கம் இது. லாரியின் பின்புறம் நின்று செல்லும் ஆட்கள் ஓட்டுநரிடம் பேச முடியாது. கூரையைத் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் நில். ஒரு தட்டு என்றால் போ. பரமேஸ்வரன் சிறுவயதில் பின்னால் நின்று தட்டியவர். பிறகு பல ஆண்டுகள் முன்னால் அமர்ந்து ஓட்டியவர். இரண்டு தட்டு கேட்டால் அவருடைய கால் அவரைக் கேளாமலே பிரேக்கை மிதிக்கும்.

நவம்பர் 23. வேலை முடிந்து வெளியே வந்தபோது பின்பக்க இடது டயரில் ஆணி. மாலை மணி 5.25. மழை தொடங்கியிருந்தது. அடியிலிருந்த ஐந்தாவது டயரை இறக்கினார். அதன் கட்டங்களுக்கு நடுவே கற்கள் சிக்கியிருந்தன. திருப்புளியால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியாக வந்தது கல் அன்று. பச்சை நிறக் கண்ணாடிச் சில்லு. இலேசாக வளைந்திருந்தது. ஏதோ போத்தல் துண்டு என்று எறிந்துவிட்டு டயரை மாட்டினார்.

வீடு சேர்ந்தபோது மணி 6.40. மோகனா வாசற்படியிலேயே நின்றிருந்தார். ஒரு கை சுவரில். ஒரு கை வயிற்றில்.

"என்னங்க... தண்ணி உடைஞ்சிடுச்சு."

மூன்று வாரம் முன்னதாக.

6.46. வண்டி புறப்பட்டது. மழை கொட்டியது. விளக்கொளியில் சாலை செங்குழம்பாய் ஓடியது. டயர்கள் சேற்றைக் கவ்விப் பிடித்தன. பரமேஸ்வரன் மனத்திற்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கு வேகம் குறைத்தாலும் புகைக்கூடத்து வளைவில் மட்டும் நிறுத்தக்கூடாது.

இரண்டாம் கட்டையைக் கடக்கும்போதுதான் அதனை உணர்ந்தார். வண்டி துள்ளவில்லை.

பின்னால் எந்தப் பாரமும் இல்லை. சாலை முழுதும் குழிகள். ஆயினும் பின்புறம் பட்டுப்போல் இறங்கி ஏறியது. ஆட்கள் அமர்ந்திருக்கும் வண்டியைப்போல்.

கண்ணாடியில் பார்த்தார். மழை. இருட்டு. வேறொன்றும் இல்லை.

பிறகு அந்த ஓசை...

'ஊ...ம்...'

தார்ச்சாலையில் மட்டுமே எழவேண்டிய இரைச்சல். இங்கே தார் இல்லை. சேறு. மற்ற மூன்று சக்கரங்களும் ஊமையாய் இருந்தன. பின்பக்க இடது சக்கரம் ஒன்று மட்டும் பாடிக்கொண்டே வந்தது.

"உனக்குக் கேக்குதா?" என்றார்.

மோகனா கண்களை மூடியிருந்தார். பல்லைக் கடித்திருந்தார். "போங்க... நிக்காதீங்க."

6.58. புகைக்கூடத்து வளைவு.

இரைச்சல் சட்டென்று நின்றது.

டக். டக்.

தலைக்கு மேலே. கூரையில். இரண்டு தட்டு.

தட்டோடு சேர்ந்து கண்ணாடி வளையல்கள் குலுங்கும் ஓசை.

மோகனாவின் வளையல்கள் என்றே முதலில் எண்ணினார். திரும்பிப் பார்த்தார். மோகனாவின் இரு கைகளும் வயிற்றை அணைத்திருந்தன. அசையவில்லை.

அதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

வண்டி நின்றது.

அதே வளைவில். அதே சேற்றில்.

"ஏங்க நிறுத்தினீங்க?" மோகனாவின் குரல் உடைந்தது. "இங்க... ஏங்க?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பின்புறம் மெல்ல உயர்ந்தது. ஒருவர் இறங்கினால் ஸ்பிரிங் எவ்வாறு உயருமோ, அவ்வாறு.

சளக்.

சேற்றில் ஒரு காலடி.

பின்னர் ஒன்று.

பின்னர் மழை மட்டும்...

சக்கரங்கள் அமிழ்வதை அவர் இருக்கையிலேயே உணர்ந்தார். இன்னும் சிறிது நேரம் நின்றால் போன ஆண்டு போலத்தான். கால் பெடலை மிதிக்க வரவில்லை.

டக்.

ஒரே தட்டு.

போ.

அவர் மிதித்தார். டயர்கள் ஒருமுறை வழுக்கின. பிறகு கவ்வின. வண்டி திமிறிக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகு தார்ச்சாலை வரை அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மலாக்கா மருத்துவமனையை அடைந்தபோது மணி 7.50. மோகனாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு சென்றார்கள். பரமேஸ்வரன் திரும்பி வந்து பிக்கப்பின் பின்புறத்தைப் பார்த்தார். வழியெல்லாம் மழை. சரக்குத் தட்டு முழுதும் நீர் நின்றது. கூரைக்கு அருகில், ஒரு மூலையில் மட்டும், ஓர் ஆள் காலை மடக்கி அமரும் அளவுக்கு உலர்ந்த இடம் இருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மெல்ல நனைந்தது.

8.35க்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. மோகனா வளைகாப்பு வளையல்கள் அனைத்தையும் கழற்றி, பேறு பார்த்த இடத்தில் உடனிருந்த பணிப்பெண் ராஜம்மாவிடம் கொடுத்துவிட்டார். பிள்ளை பெற்றபின் அவ்வாறு கொடுப்பது அவர்கள் வழக்கம்.

சனிக்கிழமை காலை பரமேஸ்வரன் டயர் கடைக்குச் சென்றார். ஆணி தைத்த டயரை ஒட்டச் சொல்லி, பழைய டயரைக் கழற்றச் சொன்னார்.

"அப்பாவாயிட்டீங்களாமே. மிட்டாய் எங்கண்ணே?"

"இந்த டயர் எந்த வண்டியிலிருந்து வந்தது மணியம்?"

மணியம் டயரை உருட்டுவதை நிறுத்தினார்.

"ஏண்ணே?"

"சும்மா சொல்லு."

மணியம் கரிக்கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"கோலா சுங்கை பாரு பக்கம் ஒரு ஆளுண்ணே. பிக்கப்தான். பொண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கு. முன்னால படுக்க இடம் பத்தாது. பின்னால மெத்தை விரிச்சு, மேல கென்வாஸ் கட்டி, தன் அம்மாவையும் கூட உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போயிருக்கான். பாதியிலயே ரத்தப்போக்கு. நிறுத்தச் சொல்லி அந்தக் கிழவி கூரையைத் தட்டியிருக்கு. வலி எடுத்த அந்தப் பிள்ளையும் தட்டியிருக்கு. வழியில கடைக்காரங்க எல்லாம் பாத்தாங்களாம். கூரையே நெளிஞ்சு போயிருந்துச்சு, நானே பாத்தேன்."

"அவன் ஏன் நிறுத்தல?"

மணியம் தரையில் கிடந்த டயரைப் பார்த்தார்.

"கேக்கலண்ணே. இந்த டயர் சத்தத்துல அவனுக்குக் கேக்கவே இல்ல."

மணியமே தொடர்ந்தார்.

"போய் நிறுத்தி கென்வாஸைத் தூக்கினா ரெண்டும் போயிருந்துச்சு. கிழவிக்கு நெஞ்சடைப்பாம். அந்தப் பிள்ளை கையில வளைகாப்பு வளையலு. பச்சை. இறக்கும்போது எல்லாம் ஒடைஞ்சு கீழ கொட்டிச்சாம். வயித்துல இருந்ததும் போச்சு... மன்னிச்சிடுங்கண்ணே. ரப்பருக்கு என்ன தெரியும்னு நெனச்சுட்டேன்."

பரமேஸ்வரன் அந்த டயரைக் கடையிலேயே விட்டுவிட்டார். கோயிலுக்குச் சென்றார். இம்முறை பூசாரி கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொன்னார். நான்கு சக்கரங்களுக்கும் மறுபடி எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அன்றிரவு நன்றாக உறங்கினார்.

திங்கட்கிழமை, நவம்பர் 27. மனைவியையும் மகளையும் வீட்டிற்கு அழைத்து வந்தார். பிற்பகல் 4.20. நல்ல வெயில். சாலை காய்ந்திருந்தது. மோகனா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

இரண்டாம் கட்டை வரை பரமேஸ்வரனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒரு குழி. அடுத்து ஒரு குழி.

வண்டி துள்ளவில்லை.

மணியம் சொன்னது நினைவுக்கு வந்தது. பின்னால் இறந்தவர்கள் இரண்டு பேர். வியாழக்கிழமை வளைவில் இறங்கிய காலடி ஒருவருடையது...

புகைக்கூடத்து வளைவில் அவராகவே வண்டியை நிறுத்தினார்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. கொஞ்சம் இரு."

கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். வெற்றுச் சரக்குத் தட்டு. வெயில். உதட்டை மட்டும் அசைத்து, ஓசை வராமல் சொன்னார். இறங்கிக்கம்மா.

காத்திருந்தார்.

ஸ்பிரிங் உயரவில்லை.

குழந்தை விழித்துக்கொண்டது. சிணுங்கத் தொடங்கியது.

உடனே கூரையில் வளையல்கள் குலுங்கின.

டக்.

ஒரே தட்டு.

மோகனா நிமிர்ந்தார். குழந்தையை மார்போடு இறுக்கினார். அவருடைய மணிக்கட்டுகள் இரண்டும் வெறுமையாய் இருந்தன.

"என்னங்க," என்றார் மெதுவாக. "பின்னால யாரை ஏத்திட்டு வந்தீங்க?"